ஒன்பது நாள் தீனி

"இன்னும் அக்காகிட்ட சொல்லலையா நீ?"

"சொல்லிக்கலாம். இப்ப சொன்னா அழுது ஊரக் கூட்டுவா. லீவு மொத்தமும் பாழாப் போயிடும்."

"அப்ப எப்பதான் சொல்லுவ?"

"ஏர்போர்ட்ல. பெட்டியெல்லாம் போட்டப்பறம். அங்க நாலு பேர் நிப்பாங்க. சத்தம் போடமாட்டா."

"அது தப்பு, ஜசிந்தா. பதினொரு வருஷம் புள்ளைய வளத்தவங்க."

"வளத்தா. நான் என்ன சும்மாவா இருந்தேன்? வருஷம் தவறாம பீப்பா நெறைய சாமான் அனுப்பல? எங்க வீட்டுக் கதை ஒனக்குத் தெரியாது. நீ இதுல தலையிடாத."

அந்த ஹோட்டலில் துண்டுகள் நன்றாக இருக்கும். தடிமனாக, வெயில் வாசனையோடு. மூவருக்கும் ஆளுக்கொரு துண்டு எடுத்து வரச் சொல்லித்தான் என் தங்கை ஜசிந்தா என்னை அனுப்பியிருந்தாள். நான் துண்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு அவர்கள் அறை வராந்தாவுக்கு வெளியே நின்றிருந்தேன். பலகைத் தடுப்பு வழியாக எல்லாம் கேட்டது. அவர்கள் பேசி முடிக்கும்வரை நின்றேன். பிறகு செருப்பைக் கொஞ்சம் தேய்த்து நடந்து, உள்ளே போய்த் துண்டுகளைக் கட்டில்மேல் வைத்தேன். "தேங்க்ஸ் அக்கா" என்றாள் ஜசிந்தா. அவள் புருஷன் ஆஸ்மண்ட் மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிள்ளை வளர்ப்பு பற்றி எழுதுகிற இந்தப் பக்கத்தை நான் நாலு வருடமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் பெயர் வெல்டா. வயது ஐம்பத்து மூன்று. கரீபியன் கடலில் டொபேகோ தீவில் பான் அக்கார்ட் பக்கம் வீடு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு செய்கிற சமையல்கூடத்தில் வேலை. தினமும் நூற்று அறுபது பிள்ளைகள் நான் சமைப்பதைச் சாப்பிடுகிறார்கள். இத்தனை வருடத்தில் ஒருவர்கூட ஒரு குறை சொன்னதில்லை.

ஜசிந்தா என்னைவிட ஒன்பது வயது சின்னவள். அவள் பெண் கெஸியா. கெஸியாவுக்கு மூன்று வயதாக இருக்கும்போது, ஆறு மாதத்தில் கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லி என்னிடம் விட்டுவிட்டு அமெரிக்கா போனாள். ப்ரூக்லினில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஆறு மாதம் பதினொரு வருடமானது. எங்கள் ஊரில் இது புதிதல்ல. அம்மா வெளிநாட்டில், பிள்ளை சொந்தக்காரர் வீட்டில், கிறிஸ்துமஸுக்கு ஒரு பீப்பாய் நிறையச் சாமான். தெருவுக்குத் தெரு அப்படி ஒரு பிள்ளை உண்டு.

பீப்பாயில் சோப்பு வரும், ஷாம்பு வரும், டப்பா இறைச்சி, தின்பண்டம், செருப்பு எல்லாம் வரும். செருப்பு மட்டும் ஒவ்வொரு வருடமும் ஒரு அளவு சின்னதாக இருக்கும். பிள்ளையின் கால் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று ஒரு போன் போட்டுக் கேட்க அவளுக்குத் தோன்றியதில்லை. நான் முன்பக்கம் வெட்டி விரல் வெளியே தெரிகிறமாதிரி செய்து கொடுப்பேன். கெஸியா போட்டுக்கொள்வாள். ஆஸ்துமா வந்தால் முதுகில் தைலம் தடவி மடியில் உட்கார்த்தி வைத்திருந்தது நான். முதல் தீட்டு வந்தபோது பக்கத்தில் இருந்தது நான். பெரிய பள்ளிக்கூடத்துக்கான பரீட்சைக்கு என்கூட உட்கார்ந்துதான் படித்தாள். என்னை அம்மா என்று கூப்பிட நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே கூப்பிட்டாள்.

போன ஆகஸ்டில் ஜசிந்தா வந்தாள். மூன்று வருடத்துக்கு முன் கட்டிக்கொண்ட புருஷன் ஆஸ்மண்டையும் கூட்டிக்கொண்டு. அவர் பார்படாஸ் பக்கத்துக்காரர். நல்ல மனிதர் என்றுதான் சொல்லவேண்டும். சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்திருக்கிற சபையைச் சேர்ந்தவர். சனிக்கிழமை பிரயாணம் செய்யமாட்டார், பன்றி, நண்டு, இறால் எதையும் தொடமாட்டார். பதினேழு நாள் குடும்பமாகக் கடற்கரையில் இருக்கப்போகிறோம் என்றாள் ஜசிந்தா. என் வீட்டில் இரண்டு அறை இருந்தது. புது விரிப்பு வாங்கிப் போட்டிருந்தேன். அவள் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற ஹோட்டலில் அறை எடுத்தாள். "ஒனக்குத்தான் அக்கா வீண் சிரமம்" என்றாள். கெஸியாவையும் அங்கேயே வைத்துக்கொண்டாள்.

அந்த ஹோட்டலில் தங்குகிறவர்களுக்குக் கையில் நீலப் பட்டை கட்டுவார்கள். பகலில் வந்துபோகிறவர்களுக்கு மஞ்சள். என் தங்கைக்கு நீலம், அவள் புருஷனுக்கு நீலம், நான் வளர்த்த பெண்ணுக்கு நீலம். எனக்கு மஞ்சள். ஆறு மணிக்கு வெளியே போய்விடவேண்டும். வாசலில் நிற்கிறவர் எங்கள் தெருக்காரர்தான். தினமும் தலையைக் குனிந்துகொண்டே என் கையில் மாட்டிவிடுவார். நான் ஓடி விளையாடிய மணல் அது.

அவர்கள் குளிக்கப் போனால் நான் பைகளைப் பார்த்துக்கொள்வேன். கண்ணாடி அடித்தளம் போட்ட படகில் பவளம் பார்க்கப் போனார்கள். படகில் இடமில்லை அக்கா என்றாள் ஜசிந்தா. படகு பாதிக் காலியாகப் போனதைக் கரையிலிருந்து பார்த்தேன். போட்டோ எடுக்கும்போது, "அக்கா, ஒனக்குத்தான் கை நடுங்காது, நீயே எடு" என்பாள். இருநூறு போட்டோ இருக்கும். ஒன்றில்கூட நான் இல்லை. முதல் நாளே நீச்சல் குளத்துப் பக்கம் வைத்துக் கெஸியாவிடம் சொன்னாள், "இனிமே அவள பெரியம்மான்னு கூப்பிடு. வர்றவங்க போறவங்க குழம்பிப் போறாங்க." கெஸியா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பதினேழு நாள்தானே, போய்விடுவாள் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை அந்தத் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்தது, அவள் மட்டும் போகவில்லை என்று. ஏப்ரலில் மூன்று நாள் வந்து, பாஸ்போர்ட் வேலை என்று கெஸியாவை போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்குக் கூட்டிப்போனாளே, அது அமெரிக்க விசாவுக்கு என்று அப்போதுதான் புரிந்தது. பிள்ளையை எடுத்துக்கொண்டு போகிறாள், சரி. பெற்றவள். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், பிறகு துணி மடித்து வைத்திருப்பேன். ஏர்போர்ட்டில் சொல்கிறேன் என்றாளே, நாலு பேர் முன்னால் நான் சத்தம் போடமாட்டேன் என்று கணக்குப் பண்ணினாளே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஒரு வருடமாகிவிட்டது. இப்போது எழுதும்போதும் கை சூடாகிறது.

நண்டு விஷயத்தை இனிச் சொல்லவேண்டும்.

ஊருக்கு வந்த அன்றே ஜசிந்தா கேட்டிருந்தாள், கிளம்புவதற்குமுன் ஒரு நாள் நண்டுக் கறியும் கொழுக்கட்டையும் என் கையால் வேண்டும் என்று. நான் திங்கட்கிழமையே காயல் பக்கத்து ஆளிடம் இருபத்திரண்டு நண்டு வாங்கிவிட்டேன். தரை நண்டு. நீலக் காலும் பெரிய கொடுக்குமாக இருக்கும். அதை வாங்கின உடனே சமைக்கக்கூடாது. கண்டதையும் தின்கிற பிராணி. எந்த வேலியோரத்தில் எதைத் தின்றது என்று யாருக்குத் தெரியும். அதனால் ஒரு வாரத்துக்கு மேல் அடைத்து வைத்து, தேங்காய், காய்ந்த ரொட்டி, மிளகாய் இலை என்று நல்ல தீனியாகப் போட்டு வயிற்றைச் சுத்தம் பண்ணுவோம். எங்கள் ஊரில் நண்டு சாப்பிட உட்காருகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை நாள் அடைத்து வைத்தாய் என்றுதான். சமைக்கிறவள் பதில் சொல்வாள். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

நான் நண்டுகளை ஜசிந்தா அனுப்பிய பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றில் போட்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து தேங்காய்த் துண்டு போட்டேன். அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். புதன்கிழமை காலையிலிருந்து தீனியை மாற்றினேன்.

அந்த ஹோட்டல் மணல் முடிகிற இடத்தில் நாலு மரம் நிற்கிறது. அடிமரத்தில் சிவப்புப் பெயின்ட் வளையம் பூசியிருக்கும். மாஞ்சினீல் மரம். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் தோல் கொப்பளித்துவிடும். பழம் சின்னக் கொய்யா மாதிரி, நல்ல வாசனையாக இருக்கும். கடித்தால் முதலில் இனிக்கும். பிறகு மிளகாய் மாதிரி எரியும். அதற்குப் பிறகு தொண்டை அடைத்துக்கொள்ளும். எங்கள் ஊரில் நடக்கப் பழகுகிற பிள்ளைக்குக்கூட அந்தச் சிவப்பு வளையத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுத்துவிடுவோம். கெஸியாவுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மனிதரைத்தான் அது என்னவோ செய்யும். நண்டுக்கு ஒன்றும் ஆகாது. தின்றுவிட்டுச் சும்மா இருக்கும். அந்த மரத்தடி நண்டு என்று சந்தேகம் வந்தால் ஊரில் யாரும் வாங்கமாட்டார்கள்.

காலையில் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு கீழே கிடந்ததைப் பொறுக்குவேன். வெளிநாட்டுக்காரர்கள் பக்கத்திலேயே நடந்து போனார்கள். கையில் மஞ்சள் பட்டையோடு உள்ளூர்க்காரி ஒருத்தி தரையில் குனிந்து எதையோ பொறுக்குகிறாள். கூட்டுகிற வேலைக்காரி என்று நினைத்திருப்பார்கள். ஒருவர் தன் காலி பாட்டிலையும் என் பையில் போட்டுவிட்டுப் போனார்.

ஒன்பது காலை. ஒரு நாள்கூட மறக்கவில்லை. தண்ணீர் மாற்றினேன். செத்த இரண்டை எடுத்துப் புதைத்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கோபத்தில் கண் மண் தெரியாமல் செய்தேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. கோபம் இருந்தது. ஒன்பது நாளும் இருந்தது. ஆனால் எனக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. நான் நினைத்தது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை விமானம் போகவேண்டும். அதில் ஜசிந்தா இருக்கக்கூடாது. நாலைந்து நாள் படுத்துக் கிடக்கட்டும். நான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். அப்போது அவளுக்குத் தெரியும், ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று.

ஐந்தாம் நாள் கையுறையில் சின்னக் கிழிசல். மணிக்கட்டில் சாறு பட்டு, சாயங்காலத்துக்குள் நாலு கொப்புளம் எழும்பிவிட்டது. கெஸியா அன்று உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தவள் பார்த்துவிட்டாள்.

"என்னம்மா இது?"

"எண்ணெ தெறிச்சிடுச்சு."

"சமையல்கூடம் லீவாச்சே. எதுல எண்ணெ காய வெச்ச?"

"எனக்கு நானே ஒரு மீன் பொரிச்சுச் சாப்பிடக்கூடாதா?"

சிரித்தாள். கொல்லையிலிருந்து கற்றாழை ஒடித்து வந்து, ஊதி ஊதித் தடவிவிட்டாள். அவள் என்னை அம்மா என்று கடைசியாகக் கூப்பிட்டது அன்றுதான்.

வியாழக்கிழமை மதியம். வெளிச் சாப்பாட்டை ஹோட்டலுக்குள் விடமாட்டார்கள். அதனால் ஹோட்டல் மணலை ஒட்டிப் பொதுக் கரையில் ஒரு பாதாம் மர நிழலில் விரிப்பு போட்டோம். பெரிய சட்டியில் நண்டுக் கறி. தேங்காய்ப் பால், மசாலா, எங்கள் ஊர் உருண்டை மிளகாய். கெஸியா நண்டு தின்னமாட்டாள். சின்ன வயதிலிருந்தே அந்தக் கண்ணைப் பார்த்தால் பயம். அவளுக்கு மட்டும் தனிப் பாத்திரத்தில், தனிக் குழம்பில், கொழுக்கட்டை கொண்டுபோயிருந்தேன். ஆஸ்மண்ட் தன் தட்டை ஹோட்டலிலிருந்து நிரப்பிக்கொண்டு வந்தார். சமைத்தவளுக்குப் பசிக்காது என்று சொல்லி நான் கெஸியாவின் பாத்திரத்திலிருந்து கொழுக்கட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். இதையும் நீங்கள் கவனிக்கவேண்டும். ஜசிந்தாவைத் தவிர வேறு யார் வாயிலும் அது போகாதபடிதான் ஏற்பாடு செய்திருந்தேன்.

"எத்தன நாள் அடச்சு வெச்ச?" என்று கேட்டாள் ஜசிந்தா. ஊர்ப் பழக்கம் போகவில்லை.

"பத்து நாள்."

முதல் கொடுக்கை உடைத்து உறிஞ்சினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. வாயைத் திறந்து கையால் விசிறிக்கொண்டாள். நான் சொன்னேன், "அங்க போயி ஒனக்குக் காரம் மறந்திருக்கும்னு மிளகாய் கொறச்சுத்தான் போட்டேன். முடியலன்னா வுட்டுடு. ஆஸ்மண்டு தட்டுல மக்ரோனி இருக்கு, அதத் தின்னு."

"யாருக்கு முடியாது? ப்ரூக்லின் போனா நாக்குமா செத்துப்போகும்? நான் இந்த ஊர்ல பொறந்தவ. இன்னும் போடு."

எங்கள் ஊர்க்காரர்கள் இப்படித்தான். நெருப்பையே தின்றாலும் காரம் அதிகம் என்று ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அதுவும் வெளிநாடு போய் வந்தவர்கள் நிச்சயமாக ஒத்துக்கொள்ளமாட்டார்கள். எனக்கு அது தெரியும். அதனால்தான் அப்படிச் சொன்னேன். அவள் தொண்டை எரிய எரியத் தின்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பார் பார் என்று ஆஸ்மண்டிடம் காட்டினாள். நான் கொழுத்ததாகப் பார்த்து எடுத்து எடுத்து வைத்தேன்.

பிறகு அவள் ஒரு கொடுக்கை உடைத்து, உள்ளே இருந்த வெள்ளைச் சதையை முழுசாக எடுத்து, கெஸியா பக்கம் நீட்டினாள். நம்ம ஊர்ச் சாப்பாட்டை ஒரு தடவையாவது தின்று பார் என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அவள் நண்டு தின்னமாட்டாள் என்று சொல்ல வேண்டியதுதான். சொன்னால் முடிந்திருக்கும். அது உண்மையும்கூட. யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

கெஸியா என்னைப் பார்த்தாள். பிறகு ஜசிந்தாவைப் பார்த்து, கையை நீட்டி, "குடும்மா" என்றாள்.

தடுமாறவில்லை. புதிதாகக் கூப்பிடுகிறவள் மாதிரி இல்லை. பல நாள் போனில் கூப்பிட்டுப் பழகின மாதிரி சுலபமாக வந்தது. அப்போது புரிந்தது. ஏப்ரலிலிருந்தே இவளுக்கும் தெரியும். டிக்கெட் தெரியும், ஞாயிற்றுக்கிழமை தெரியும், ஏர்போர்ட்டில் நான் என்ன ஆவேன் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் நாலு நாளுக்கு முன் என் கையில் கற்றாழை தடவினாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். எலுமிச்சைச் சாற்றை எடுத்து எல்லோருக்கும் ஊற்றினேன். கெஸியா மூன்று கொடுக்கு தின்றாள். எண்ணினேன்.

நான்கு மணிக்கு முதலில் வாந்தி எடுத்தது கெஸியா. அரைமணி கழித்து ஜசிந்தா. உதடு, நாக்கு எல்லாம் வீங்கிவிட்டது. ஆஸ்மண்ட் ஹோட்டல் காரைப் பிடித்து இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். டாக்டர் நல்ல பெண். என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டாள். நண்டு என்றேன். எத்தனை நாள் அடைத்தது என்று அவளும் கேட்டாள், எங்கள் ஊர்ப் பெண்தானே. பத்து நாள் என்றேன். என்ன தீனி என்று கேட்டாள். தேங்காய், ரொட்டி, மிளகாய் இலை என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். வியாழன் ராத்திரி கேட்டாள், வெள்ளி காலையில் இன்னொரு தடவை கேட்டாள், சனிக்கிழமை ஒரு தடவை கேட்டாள். மூன்று தடவையும் அதையே சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு மருந்து கொடுத்திருப்பார்களா, எனக்குத் தெரியாது. நான் டாக்டர் இல்லை.

ஜசிந்தாவுக்குப் பேச்சு வரவில்லை. சனிக்கிழமை ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள், டிக்கெட்டைத் தள்ளிப்போடச் சொல்லு, அக்கா, உன்கிட்ட ஒன்னு சொல்லணும் என்று. எனக்குத் தெரியும் என்று சொல்லி அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். அவள் அழுதாள். அன்று அவள்மேல் எனக்குக் கோபமே இல்லை. ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டேன். அவளுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் இருந்திருக்கிறது. சிறுநீரகமும் சரியில்லாமல் இருந்திருக்கிறது. என்னிடம் அதையும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் போய்விட்டாள்.

நான் அவள் சாகவேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் நான் செய்ததால்தான் செத்தாள். இரண்டையும் எழுதிவிட்டேன். யாருக்கு எதை நம்பத் தோன்றுகிறதோ நம்புங்கள்.

கெட்ட நண்டு என்று முடிவானது. காயல் நண்டை யாரும் வாங்கவேண்டாம் என்று சுகாதாரக்காரர்கள் அறிவிப்பு ஒட்டினார்கள். நண்டு பிடிக்கிறவர்களுக்கு இரண்டு மாதம் பிழைப்பு இல்லை. எனக்கு நண்டு விற்ற ஆள் சாவு வீட்டுக்கு வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரை நினைத்தால்தான் மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆஸ்மண்ட் அடக்கம் முடிந்து ஒரு வாரம் இருந்தார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகமுடியுமா என்று விசாரித்துப் பார்த்தார். பெற்றவள் இல்லாமல் அந்த விசா செல்லாது என்று சொல்லிவிட்டார்களாம். "அண்ணி, இவளுக்கு இனிமே நீங்கதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது எனக்குப் பதினொரு வருடமாகத் தெரியும்.

கெஸியா நாலு நாளில் எழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கடைசி நாள், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டேன். என் மணிக்கட்டில் கொப்புளம் காய்ந்து கறுத்திருந்தது. நர்ஸ் அதைப் பார்த்து, மாஞ்சினீல் மரத்துப் பால் பட்டதா என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போனாள். கெஸியா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நண்டுக்கு என்ன தீனி போட்டீங்க?" என்று கேட்டாள்.

"தேங்கா, ரொட்டி, மிளகா இலை."

"சரி, பெரியம்மா."

அவ்வளவுதான். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லவும் இல்லை. இதோ ஒரு வருடமாக என் வீட்டில் இருக்கிறாள். அவள் அறை அப்படியே இருக்கிறது. என்னை நீ என்று கூப்பிட்டவள் இப்போது வாங்க, போங்க என்கிறாள். மரியாதை தெரிந்த பெண்ணாகிவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். படிப்பில் முதலாவதாக வருகிறாள். வீட்டு வேலை சொன்னால் செய்கிறாள். சண்டை இல்லை.

ஆனால் சாப்பிடமாட்டேன் என்கிறாள். நான் இவ்வளவு தூரம் எழுதியது இதற்குத்தான்.

சமைத்து மேசையில் வைத்தால், பசிக்கவில்லை பெரியம்மா என்கிறாள். முட்டையை ஓட்டோடு தானே வேகவைத்து, தானே உரித்துத் தின்கிறாள். வாழைப்பழத்தைத் தோல் கிழியாமல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து உரிக்கிறாள். கடையிலிருந்து வருகிற பிஸ்கட் பொட்டலத்தின் ஓரத்தை விரலால் தடவிப் பார்க்கிறாள். வீட்டுக் குடத்துத் தண்ணீரைக் குடிப்பதில்லை. தெருக் குழாயில் பாட்டிலில் பிடித்து, பையில் வைத்துப் பூட்டிக்கொள்கிறாள். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. டீச்சர் கூப்பிட்டுக் கேட்டாள், வீட்டில் சாப்பாடு போடுகிறீர்களா இல்லையா என்று. என்னைப் பார்த்து அந்தக் கேள்வி. எவ்வளவு அவமானம் என்று நினைத்துப் பாருங்கள். அம்மாவின் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது. துக்கம் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஒரு வருடமாகவா இருக்கும்?

கோழிக் குழம்பு வைத்தேன். மீன் வைத்தேன். பாலில் அரிசி போட்டு இனிப்பாகக் காய்ச்சினேன். எதிரில் உட்கார்ந்து நானே முதல் வாய் தின்றுகூடக் காட்டினேன். எழுந்து போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, மன்னிச்சிடுங்க பெரியம்மா என்றாள்.

போலீசுக்குப் போ, சாமியாரிடம் போ என்று எழுதுகிறவர்கள் எழுதுங்கள், படிக்கிறேன். நான் கேட்பது அது இல்லை. இந்தப் பக்கத்தில் சாப்பிட அடம்பிடிக்கிற பிள்ளையை வழிக்குக் கொண்டுவந்த தாய்மார்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு, நான் என் கையால் செய்து கொடுக்க, எந்தச் சாப்பாட்டில் தொடங்கலாம்? தெரிந்தவர்கள் தயவுசெய்து கீழே எழுதுங்கள்.